யேனாவில் களை பிடுங்கிய வாரம்

முதல் நாள்

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, எர்ஃபுர்ட்டில் ரயில் மாறி, யேனா என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. என் உடம்பின் கணக்கில் அது என்ன நேரம் என்று உடம்புக்கே தெரியவில்லை. அக்கா மகன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். இங்கே ஒளியியல் படிக்கிறான். இந்த ஊருக்கு லென்ஸ்தான் குலத்தொழில், கார்ல் சைஸ் 1846இல் பட்டறை போட்ட ஊர், அதனால் நம் பிள்ளைகள் நிறையப் பேர் அந்தப் படிப்புக்கு வந்திருக்கிறார்கள். ஊரில் ஒரு ஸ்டேஷனுக்குப் பெயர் பாரடீஸ், அதாவது சொர்க்கம். போய்ப் பார்த்தால் பிளாட்பாரமும் டிக்கெட் மெஷினும்தான்.

"மாமா, பிளானட்டேரியம் போலாமா? 1926ல கட்டினது, இன்னும் ஓடுது."

"புல்லுப் பார்க்கணும்டா."

"இந்த ஊரே புல்லுதான் மாமா" என்றான். சுற்றிலும் மலைச்சரிவெல்லாம் பச்சை. ஆனால் நான் கேட்டது வேறு புல்.

ஏன் இவ்வளவு தூரம் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியார். கொடுமுடிப் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, மஞ்சள் போடுவோம். 2019இல் எல்லாரும் சொல்கிறார்களே என்று பலதானியம் விதைத்து மடக்கி உழுதேன். கம்பு, சோளம், உளுந்து, தட்டை, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு, கொத்தமல்லி, கடுகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து வீசினேன். மண் உயிர் பெறும், புழு கொழிக்கும் என்றார்கள். அடுத்த வருஷம் மண்வெட்டியோடு போய் நாலு இடத்தில் வெட்டிப் பார்த்தேன். இரண்டு புழு. அதில் ஒன்றை நானே வெட்டிவிட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அத்தோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் எப்போதோ படித்துக்கொண்டிருந்தபோது, பல வகைச் செடி கலந்து வளர்ந்தால் நிலத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கிற இந்த யேனா புல்வெளி ஆய்வு கண்ணில் பட்டது. 2002இல் விதைத்ததை இன்னும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு வருஷத்தில் விட்டதை இவர்கள் இருபது வருஷத்துக்கும் மேலாக விடவில்லை என்றால் அப்படி என்னதான் இருக்கிறது அங்கே என்று பார்த்துவிடத் தோன்றியது. மே மாத விடுமுறையும் அக்கா மகனும் வாய்த்தார்கள்.

இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம். துருக்கிக் கடைப் பருப்பில் சாம்பார் வைத்தான், நன்றாகவே வைத்தான். தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்

காலையில் டிராம் பிடித்து வடக்கே போனோம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சாலே ஆறு, ஆற்றை ஒட்டி வெள்ளச் சமவெளி, அதில் சுமார் 10 ஹெக்டேரில் வேலி. அக்கா மகனின் தோழி ஒருத்தி, நெல்லைப் பெண், உயிரியல் முதுகலை படிக்கிறவள், அங்கே பகுதிநேர வேலை பார்க்கிறாள். அவள்தான் எனக்கு அனுமதி கேட்டு வாங்கியிருந்தாள். பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "சார், பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க. உண்ணி இருக்கும்."

எனக்குக் கிடைத்த முதல் காட்சி ஏமாற்றம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஏதோ பிரம்மாண்டமாக எதிர்பார்த்தேன். இருந்தது பாத்தி பாத்தியாகப் புல், நடுவில் மழித்த நடைபாதை, ஆங்காங்கே சின்ன எண் பலகை. பூங்காவில் ஆள் குறைந்த மூலை மாதிரி. ஐந்து நிமிஷம் நின்று பார்த்த பிறகுதான் கண் பழகியது. ஒரு பாத்தியில் ஒரே ஜாதிப் புல், சொட்டை விழுந்த தலை மாதிரி இடையிடையே மண் தெரிகிறது. அடுத்ததில் இடுப்பு உயரத்துக்கு நீலம், மஞ்சள், வெள்ளை, சிவப்பு குளோவர், காட்டு கேரட் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது, கையை உள்ளே விட்டால் ஈரம் படுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். ஒரே மண், ஒரே மழை, யாருக்கும் உரம் கிடையாது.

அமைப்பு இப்படி. இந்தப் பகுதிப் புல்வெளிகளில் வளரும் 60 இனங்களை எடுத்துக்கொண்டு நாலு கூட்டமாகப் பிரித்தார்கள்: புல், குட்டைச் செடி, நெட்டைச் செடி, அவரைக் குடும்பம். ஒரு பாத்திக்கு 1, 2, 4, 8, 16 அல்லது 60 இனம் என்று குலுக்கிப் போட்டு விதைத்தார்கள். மொத்தம் 82 பாத்தி, தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 20 மீட்டருக்கு 20 மீட்டர், பிறகு சுருக்கிவிட்டார்கள். இரண்டு ஓரினப் பாத்திகளில் செடியே ஒழுங்காக நிற்காமல் கைவிட்டதால் இப்போது 80. ஆற்றிலிருந்து தள்ளிப் போகப்போக மண்ணின் நயம் மாறும் என்பதற்காக நிலத்தையே நாலு தொகுதியாகப் பிரித்து, எல்லாத் தொகுதியிலும் எல்லா வகைப் பாத்தியும் வருகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இதை வகுப்பில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், காலால் நடந்தது இன்றுதான்.

அந்த நாலு கூட்டத்தைக் கேட்டதும் எனக்குப் பலதானியம் ஞாபகம் வந்தது. நம் ஊரிலும் தானியம், பயறு, எண்ணெய்வித்து, வாசனைப்பயிர், பசுந்தாள் என்று கூட்டம் பிரித்துத்தானே கலக்கிறோம். நினைத்த ஜோரில் அவளிடம் சொன்னேன். "ஆனா நீங்க உழுதுட்டீங்களே சார்" என்றாள், அவ்வளவு சாதாரணமாக. நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம் களை. இது நான் எதிர்பார்க்காதது. விதைத்த இனம் மட்டும்தான் பாத்தியில் நிற்க வேண்டும், அதனால் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஆட்கள் மண்டியிட்டுக் குட்டிக் கத்தியால் களை எடுக்கிறார்கள். இந்தப் பாத்தியில் காட்டு கேரட் பயிர், பக்கத்துப் பாத்தியில் அதே காட்டு கேரட் களை! எனக்கும் ஒரு கத்தி கொடுத்தார்கள். முளைத்து இரண்டு இலை விட்டதை அடையாளம் காண்பது லேசுப்பட்ட வேலை இல்லை; பாதி நேரம் "இது நம்மாளா, வெளியாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரத்தில் முழங்கால் போய்விட்டது. நம் ஊரில் களை எடுக்கும் பெண்களுக்கு என்ன கூலி கொடுக்கிறோம் என்ற கணக்கு தேவையில்லாமல் தலைக்குள் ஓடியது.

இன்னொன்றும் கேட்டேன். இப்படிக் கையால் பிடுங்கிப் பிடுங்கி வைத்திருக்கிற செயற்கைப் புல்வெளியில் கண்டுபிடித்தது நிஜப் புல்வெளிக்கு எப்படிப் பொருந்தும்? இது வாத்தியார் புத்தி. அவர்களையும் பலர் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். யேனாவையும், அமெரிக்காவில் மினசோட்டாவில் இதே மாதிரி நடக்கும் சீடர் கிரீக் பாத்திகளையும், நிஜப் புல்வெளிகளோடு ஒப்பிட்டு 2020இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இயற்கையில் காணக் கிடைக்காத மாதிரி இருந்த பாத்திகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரும்பாலான முடிவுகள் மாறவில்லையாம். எனக்கு முக்கால்வாசி திருப்தி.

மூன்றாம் நாள்

விடாத மழை. வயலுக்குப் போகவில்லை. ஊர் சுற்றினோம்.

எர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் பேராசிரியராக இருந்தார். சூழலியல் என்று நாம் இன்று சொல்கிறதற்கான ஜெர்மன் வார்த்தையை 1866இல் உருவாக்கியவர் அவர். வார்த்தை பிறந்த ஊரில், லென்ஸ் செய்கிற ஊரில், மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வயல். யாரும் திட்டமிட்டுச் செய்தது இல்லை, ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

உருளைக்கிழங்கில் பந்து மாதிரி உருட்டிய க்ளோஸே சாப்பிட்டேன். கொழுக்கட்டைக்குள் பூரணம் வைக்க மறந்துவிட்டார்கள்.

நான்காம் நாள்

இன்றுதான் உருப்படியான நாள். கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

மே கடைசியில் முதல் வெட்டுக்கு முன்னால் செடியின் எடை எடுப்பார்களாம். 20 செ.மீ.க்கு 50 செ.மீ. சட்டத்தைப் பாத்தியில் வைத்து, தரையிலிருந்து 3 செ.மீ. விட்டு அதற்குள் இருப்பதை எல்லாம் வெட்டிப் பையில் போட்டு வந்து, ஒரு ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து இனம் இனமாகப் பிரிக்கிறார்கள். நம் வீட்டில் கீரை ஆய்கிற அதே வேலை, அதே ஊர்க்கதை, மொழி மட்டும் வேறு. பிரித்ததை அடுப்பில் உலர்த்தி எடை போடுவார்கள். 60 இனப் பாத்தியின் பை என் முன்னால் வந்தபோது அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காதே, மண்ணைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். மேலே செடி வகை கூடினால் விளைச்சல் கூடுகிறது என்பது முதல் சில வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. பூச்சிகளும் கூடின. 2010இல் வந்த பெரிய கட்டுரை ஒன்றில் எல்லா உயிர்களையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள்: செடி வகை கூடினால் அதைத் தின்கிற உயிர்களிடம் மாற்றம் பளிச்சென்று தெரிகிறது, அவற்றைத் தின்கிற உயிர்களிடம் மங்குகிறது, தரைக்கு மேலே பலமாக இருப்பது தரைக்குக் கீழே தேய்ந்து போகிறது. இது வரைக்கும் நானே ஊகித்திருப்பேன். அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கீரை ஆய்வதை நிறுத்த வைத்தது.

மண்ணின் நுண்ணுயிர்களில் முதல் சில வருஷம் ஒன்றுமே தெரியவில்லையாம். 1 இனப் பாத்தியும் 60 இனப் பாத்தியும் மண்ணுக்குள் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருந்திருக்கின்றன. சுமார் நாலு வருஷம் கழிந்த பிறகுதான் வித்தியாசம் தலைகாட்டியிருக்கிறது.

நாலு வருஷம்! நான் பதினோராவது மாதம் மண்வெட்டியோடு போய் நின்றவன்.

ஏன் இவ்வளவு நாள் என்றேன். அவள் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். விதைப்பதற்கு முன்னால் இது உரம் போட்டு உழுத விளைநிலம். அந்தப் பழைய கணக்கு மண்ணில் இருக்கும். செடி மண்ணுக்குச் சாப்பாடு போடுவது மூன்று வழியில்: உதிர்ந்த தழை, செத்த வேர், உயிருள்ள வேர் கசியவிடும் சர்க்கரைச் சத்து. இந்தக் கடைசி வழியைத்தான் நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. வகை கூடினால் வேரும் கூடுகிறது, கசிவும் கூடுகிறது, ஒவ்வொரு செடியின் கசிவும் ஒவ்வொரு ருசி. மேலே இலை அடர்ந்து மூடுவதால் மேல்மண் சட்டென்று காய்வதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்று, பெருகி, செத்து, அந்த மிச்சம் மண்ணில் தங்குகிறது. மண்ணில் கரிமம் சேர்வதற்குப் பெரும் காரணம் இந்த நுண்ணுயிர்களின் சுறுசுறுப்புதான் என்று 2015இல் இந்த வயலை வைத்தே காட்டியிருக்கிறார்கள். இலை மக்கி அப்படியே உரமாகிறது என்று நான் வகுப்பில் சொல்லிவந்தது பாதிக் கதைதான். நடுவில் இந்தச் சின்னவர்களின் வயிறு இருக்கிறது. இது எதுவும் ஒரு மழைக்காலத்தில் நடக்கிற வேலை இல்லை.

மறுபக்கமும் உண்டு. ஒரே இனம் வருஷக்கணக்கில் நின்றால் அதற்கென்றே உள்ள நோய்க்கிருமியும் வேர் தின்னும் நூற்புழுவும் மண்ணில் குவிந்துவிடும். வகை கலந்து நின்றால் ஒவ்வொரு கிருமிக்கும் அதன் செடி தொட்டதும் கிடைக்காது. இரண்டாம் நாள் பார்த்த அந்தச் சொட்டைப் பாத்திகளுக்கு இதுவும் ஒரு காரணம் என்றாள். மஞ்சள் போட்ட காட்டிலேயே மறுபடி மஞ்சள் போடாதே என்று என் அப்பா சொன்னது இதைத்தான், அவருக்கு நூற்புழு என்ற பெயர் தெரியாது, அவ்வளவே.

மண்புழு தனிக்கதை. எத்தனை வகைச் செடி என்பதைவிட, அவரைக் குடும்பத்துச் செடி இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு முக்கியமாம். குளோவர் தழையில் தழைச்சத்து அதிகம், அது அதற்கு விருந்து. அப்படியானால் 2019இல் நான் போட்ட உளுந்தும் தட்டையும் என்ன பாவம் செய்தன? மறுபடியும் அதே பதில்தான்: உழுதீர்களே. இங்கே பெரிய புழு ஒன்று செங்குத்தாக ஆழமாக வளை தோண்டி, ராத்திரியில் மேலே வந்து இலையை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த வளை அதற்கு வீடு. ஒரு உழவு அடித்தால் வீடு தரைமட்டம். நான் விருந்தைப் போட்டுவிட்டு வீட்டை இடித்திருக்கிறேன்.

புழுவை எண்ணுவது எப்படி என்று கேட்டேன். தோண்ட மாட்டார்கள், தோண்டினால் பாத்தி போச்சு. மண்ணில் வட்டமாகக் கம்பிகளைச் சொருகி மின்சாரம் விடுவார்கள், இருப்புக் கொள்ளாமல் மேலே வரும். கடுகுப்பொடி கரைத்த தண்ணீரை ஊற்றுகிற முறையும் உண்டு. நான் 2019இல் கடுகை விதைக்காமல் அரைத்து ஊற்றியிருந்தால் இரண்டு புழுவுக்கு மேல் பார்த்திருப்பேனோ என்னவோ.

சாயங்காலம் வயலில் ஒரு வேலை காட்டினாள். கையகல நீளத்தில் பிளாஸ்டிக் குச்சி, அதில் வரிசையாக 16 குட்டி ஓட்டை, ஒவ்வொன்றிலும் செல்லுலோஸ் பொடியும் தவிடும் கொஞ்சம் கரியும் கலந்த பசையை அடைத்து மண்ணில் குத்திவைப்பார்கள். சில வாரம் கழித்துப் பிடுங்கி எத்தனை ஓட்டை காலி என்று எண்ணுவார்கள். மண் எவ்வளவு பசியாக இருக்கிறது என்பதற்கு இது அளவு. குச்சியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தின்ற ஓட்டை வழியாக வானம் தெரிகிறது. இத்தனை நாள் கேட்டதிலேயே எனக்குப் பிடித்தது இந்தக் கருவிதான். தவிடும் பிளாஸ்டிக்கும் போதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்தே செய்யலாம். ஒரு குச்சியைப் பிடுங்கி, "இதுல பாரும்மா, எவ்வளவு காலி! இது கலப்புப் பாத்திதானே?" என்று குதித்தேன்.

"ஒரு குச்சிய வச்சு எதுவுஞ் சொல்லக் கூடாது சார்" என்றாள். நாலு மண்வெட்டி வெட்டைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்கவே கூடாது.

ஐந்தாம் நாள்

லேப் இன்று கொஞ்ச நேரம்தான். மண்ணை ஒரு சல்லடைத் தட்டில் பரப்பி மேலே சூடு காட்டுகிறார்கள், கீழே குளிர்ச்சி. வெப்பம் தாங்காமல் மண் உண்ணிகளும், வாலைச் சொடுக்கித் துள்ளுகிற ஸ்பிரிங்டெயில் என்னும் பொடிப்பூச்சிகளும் கீழே இறங்கி இறங்கிக் குப்பியில் விழுகின்றன. நுண்ணுயிரை எண்ண முடியாதே, அதற்கு வேறு வழி: மண்ணுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்று அளப்பார்கள். விருந்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் செருப்பை எண்ணித் தெரிந்துகொள்கிற மாதிரி.

வயலில் கடைசியாக ஒன்று பார்த்தேன். அதற்காகவே இன்னொரு தடவை வரலாம். 2016இல், பழைய பாத்திகளுக்குள்ளேயே சின்னத் துண்டுகள் வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டில் பழைய செடியும் பழைய மண்ணும் அப்படியே. இன்னொன்றில் பழைய மண்ணை வைத்துக்கொண்டு அதே இனங்களைப் புதிதாக விதைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் மண்ணையும் தோண்டி எடுத்துவிட்டு, பக்கத்து விளைநிலத்து மண்ணைக் கொட்டி, அதில் அதே விதை. வயதானது மண்ணா செடியா, பலன் எதனால் என்று பிரித்துப் பார்க்க. மூன்று துண்டுக்கும் நடுவில் நின்றேன். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த மூன்றாவது துண்டுதான் என் காடு, இன்று தொடங்கினால்.

இந்த வயல் வெள்ளத்தையும் பார்த்திருக்கிறது. 2013 ஜூனில் சாலே கரை தாண்டி, சில பாத்திகளில் 24 நாள் வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. பத்து வருஷ உழைப்பு தண்ணீருக்கடியில் கிடந்ததைப் பார்த்தவர்கள் எப்படித் தூங்கினார்களோ. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சரி, வெள்ளம் வந்துவிட்டது, அதையும் அளந்துவிடுவோம் என்று அளந்திருக்கிறார்கள்.

ராத்திரி தம்பிக்குப் போன் போட்டேன். மஞ்சள் நட ஆள் சொல்லிவிட்டானாம்.

"வாய்க்கா ஓரத்துல பத்து சென்ட்ட விட்டுரு. உழவு ஓட்ட வேண்டாம்."

"அதுல என்னண்ணா போடறது?"

"கொழுக்கட்டைப் புல்லு, குதிரைமசால், வேலிமசால், அப்புறம் தானா மொளைக்கறது எல்லாம். அஞ்சாறு வருசம் அப்படியே கெடக்கட்டும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்த வரப்புக்காரர் சிரிப்பாருண்ணா."

"மாட்டுக்குன்னு சொல்லிக்கோ."

ஆறாம் நாள்

கிளம்புகிற நாள். நெல்லைப் பெண் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "சார், பூட்ஸ நல்லா கழுவிட்டுப் போங்க. மண்ணு கொண்டு போகக் கூடாது." உண்மைதான், வெளிநாட்டு மண்ணை இஷ்டத்துக்கு இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, கூடவே என்னென்ன கிருமி வரும் என்று யாருக்குத் தெரியும். அக்கா மகன் வீட்டுக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து பழைய டூத்பிரஷ்ஷால் பூட்ஸின் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்தேன். கறுப்பாகக் கரைந்து போய்க்கொண்டே இருந்தது. அந்த 60 இனப் பாத்தி ஓரத்து மண்ணும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

இப்போது எர்ஃபுர்ட் ரயிலில் இருந்து எழுதுகிறேன். அவன் போன் பண்ணினான். தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லையாம், வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்கிறான்.